இரும்பு மீனின் வயிற்றில் ஓர் இரவு

சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு விசாகப்பட்டினம் சென்றிருந்தோம். இராமகிருஷ்ணா கடற்கரையில், கரைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும் 'குர்சுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் காண வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆவல். சோவியத் நாட்டிற் கட்டப்பெற்று, 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நம் கடற்படையிற் சேர்ந்து, 1971-ஆம் ஆண்டுப் போரிலும் பணி செய்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஓய்வு பெற்ற கப்பல் அது. 2002-ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் காணும் காட்சிச்சாலையாக விளங்கி வருகிறது.

வட்டமான இரும்பு வாயில்களில் குனிந்து நுழைந்து, குழாய்களுக்கும் சக்கரங்களுக்கும் இடையே ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து, மறுமுனையில் வெளியே வந்தோம். அப்பொழுது எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் கையைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, அந்தக் கட்டிலிலே நானும் ஒரு ராத்திரி படுத்துக்கலாமா?" என்று கேட்டான். உடன் வந்த பெரியோர் நகைத்தனர். நானும் நகைத்தேன். ஆயினும் அவ்வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பகலில் அரைமணி நேரம் பார்த்துச் செல்வது காட்சி; இரவு முழுதும் அங்கே கிடந்து பார்ப்பது அனுபவம். இவ்வேறுபாட்டை எட்டு வயதுப் பிள்ளை உணர்ந்திருக்கிறான்.

அவன் கேட்டது நடவாத காரியமும் அன்று. அமெரிக்க நாட்டில் அது பல்லாண்டுகளாக நடந்து வந்துள்ளது. அந்த இரவுகளைப் பற்றியும், அவ்விரவுகளுக்கு இடமளித்த ஒரு கப்பலின் வரலாற்றைப் பற்றியும் இங்கே எழுத எண்ணினேன். எழுதப் புகுந்தபோது, அவ்வரலாறு நம் தமிழ் மக்களின் துயர வரலாறு ஒன்றன் அருகே வந்து நிற்பதைக் கண்டேன். ஆதலின் இக்கட்டுரை சிறுவர்க்கு மட்டுமன்றிப் பெரியோர்க்கும் உரியதாயிற்று.

சாரணர் தங்கும் கப்பல்கள்

இரண்டாம் உலகப் போரிற் கலந்துகொண்ட நீர்மூழ்கிக் கப்பல்கள் பலவற்றை அமெரிக்கர் உடைத்து இரும்பாக விற்றுவிடாமல் காப்பாற்றி வைத்துள்ளனர். மிஷிகன் ஏரியின் ஒரு கரையில் மஸ்கீகன் நகரில் 'சில்வர்ஸைட்ஸ்' நிற்கிறது. எதிர்க்கரையில் மானிடோவாக் நகரில் 'கோபியா' நிற்கிறது. மேற்குக் கடற்கரையில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து மீனவர் துறையில், 45-ஆம் எண் துறைமேடையை ஒட்டி 'பாம்பனிட்டோ' மிதக்கிறது. இவற்றில் சாரணர் படையினரும் பள்ளிப் பிள்ளைகளும் தம் ஆசிரியர், பெற்றோர் துணையுடன் ஓர் இரவு தங்கிச் செல்லும் ஏற்பாடு உண்டாயிற்று.

இம்மூன்றனுள் பாம்பனிட்டோவின் வரலாற்றையே யான் விரித்துரைக்கப் போகிறேன். ஒருவகை மீனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அக்காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகள் பலவும் மீன்களின் பெயரையே தாங்கின. மாலுமிகள் அதனைக் கப்பல் என்று சொல்வதில்லை. படகு என்றே அன்புடன் அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் இப்படகு கட்டப்பட்டு, 1943-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் நாள் பணியேற்றது. அதே தளத்தில் அடுத்த ஆண்டு நீரில் இறக்கப்பட்ட மற்றொரு படகு 'டயாப்ளோ'. பின்னாளில் அது பாகிஸ்தானுக்கு அளிக்கப்பட்டு 'காஜி' என்று பெயர் மாற்றம் பெற்றது. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விசாகப்பட்டினத் துறைமுகத்தின் அண்மையில் தன்னிடமிருந்த அனைவரோடும் மூழ்கிப்போன காஜி அதுவே. ஒரே பட்டறையிற் பிறந்த இரண்டனுள் ஒன்று குழந்தைகள் உறங்கும் பள்ளியறையாயிற்று. மற்றொன்று நாம் நின்று கடலைப் பார்த்த அக்கரைக்கு அப்பால் ஆழத்தில் கிடக்கிறது.

படகின் உள்ளே

பாம்பனிட்டோவின் நீளம் ஏறத்தாழ 312 அடி. அகலம் 27 அடி. அதில் வாழ்ந்தவர் எண்பதின்மர். நம் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகளில் வாழ்வோர் அனைவரையும் ஒரு நீண்ட குழாயினுள் அடைத்து, அக்குழாயிற் பெரும்பகுதியை யந்திரங்களுக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்கிவிட்டால் எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

படகு இயங்கும் முறை எளிது. நீர்மேற் செல்லுங்கால் நான்கு டீசல் யந்திரங்கள் மின்சாரத்தை உண்டாக்கும். அம்மின்சாரம் மோட்டார்களைச் சுழற்றும். டீசல் யந்திரத்துக்குக் காற்று வேண்டும். நீருக்குள்ளே காற்று ஏது? ஆகவே மூழ்கிச் செல்லும்போது மின்கலங்களே துணை. 126 கலங்கள் கொண்ட தொகுதிகள் இரண்டு மாலுமிகளின் காலடியில், தளத்துக்குக் கீழே அமைந்திருந்தன. அவற்றின் ஆற்றல் குறைந்ததும் மேலே வந்தே தீர வேண்டும். பெரும்பாலும் இரவின் மறைவில் மேலே வந்து, காற்றை இழுத்து, மின்கலங்களுக்கு மறுபடி ஆற்றல் ஏற்றிக்கொள்வர். நீர்மூழ்கி என்று பெயரேயன்றி, உண்மையில் அது வேண்டும்போது மூழ்கவல்ல மேற்கப்பலே ஆகும்.

மூழ்குவதற்குப் படகின் பக்கங்களிலுள்ள தொட்டிகளிற் கடல்நீரைப் புகவிடுவர். எழுவதற்கு அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி அந்நீரை வெளியேற்றுவர். 400 அடி ஆழம் வரை செல்லத்தக்க உறுதியுடன் இதன் உடல் கட்டப்பட்டிருந்தது.

முன்புறத்தில் டார்ப்பிடோ அறை. அங்கே ஆறு ஏவு குழாய்கள். அடுத்து அதிகாரிகளின் சிற்றறைகள். அதன்பின் படகை மூழ்கச் செய்தும் எழச் செய்தும் ஆளும் கட்டுப்பாட்டு அறை. அதன் மேலே, பெரிஸ்கோப் வழியே தளபதி நோக்கும் சிறு கூண்டு. பிறகு சமையற்கட்டு, உணவுக்கூடம், மாலுமிகள் படுக்கும் அறை, இரண்டு யந்திர அறைகள், மோட்டார்களை இயக்கும் அறை. இறுதியிற் பின்புற டார்ப்பிடோ அறை, அங்கே நான்கு குழாய்கள். படகு ஏந்திச் சென்றவை 24 டார்ப்பிடோக்கள். ஓடும் கப்பலின் விரைவையும் திசையையும் கணித்து டார்ப்பிடோவுக்கு வழி சொல்லும் கணக்குப்பொறி ஒன்று இருந்தது. மின்னணுக் கருவிகள் வருமுன் பற்சக்கரங்களால் இயங்கிய அந்தப் பொறியை அன்பர்கள் அரிதின் முயன்று மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டு வந்துள்ளனர்.

படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. டார்ப்பிடோக்களின் மேலும் அருகிலும் கூடப் படுக்கைகள் தொங்கின. பல படுக்கைகளில் ஒருவன் காவலுக்கு எழுந்து செல்ல, காவல் முடிந்து வந்தவன் அச்சூடு ஆறுமுன் அதே இடத்திற் படுப்பான். குடிநீரோ கடல்நீரைக் காய்ச்சி வடித்துப் பெற வேண்டியது. வடித்த நீரில் முதற்பங்கு மின்கலங்களுக்கு. மனிதன் குளிப்பது அதன்பிறகு. இத்தனை இடுக்கண்களுக்கும் ஈடாக, கடற்படையிலேயே சிறந்த உணவு நீர்மூழ்கி மாலுமிகளுக்கு அளிக்கப்பட்டது என்பர்.

பிள்ளைகளின் இரவு

பார்வையாளர் கூட்டம் மாலையிற் கலைந்தபின் பிள்ளைகள் தத்தம் படுக்கைப் பைகளுடன் வந்து சேர்வார்கள். செங்குத்தான படிகளில் இறங்குவதே அவர்கள் கற்கும் முதற்பாடம். தலையைக் குனியாதவன் இரும்பில் முட்டிக்கொள்வான். முன்னே செல்பவனுக்கு வழிவிடாதவன் எல்லோரையும் நிறுத்திவிடுவான். 'ஒழுங்கு' என்னும் சொல்லைப் பள்ளியில் நூறுமுறை கேட்டும் விளங்காத பொருள், அந்த இரண்டடி அகல நடைவழியில் ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது.

பெரியோர் ஒருவர் படகைச் சுற்றிக் காட்டி அதன் கதையைச் சொல்வார். பிறகு உணவு, பிறகு படுக்கை. விளக்குகள் தணிந்த பின்னரே படகு தன் உண்மையான உருவத்தைக் காட்டுகிறது. உடலை ஒட்டி மெல்ல அறையும் நீரின் ஓசை, கட்டிய கயிறுகள் இறுகித் தளரும் முனகல், ஊறிப்போன எண்ணெய் நாற்றம், மூக்குக்கு ஒரு முழம் உயரத்தில் மேற்படுக்கையின் அடிப்புறம். கரையை ஒட்டி நிற்கிறோம், காலையில் வீடு திரும்புவோம் என்று அறிந்த பிள்ளைக்கே உறக்கம் எளிதில் வருவதில்லை. அப்பொழுது, இதே இடத்திற் படுத்திருந்த பதினெட்டு, இருபது வயது இளைஞனுக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்னும் எண்ணம் தானே எழும். வெளியே எதிரியின் கப்பல். மேலே ஆழக்குண்டு வெடிக்கும் அதிர்ச்சி. அசைந்தால் ஓசை கேட்குமென்று அசையாதிருக்கும் கட்டளை. அமெரிக்க நீர்மூழ்கிகளுள் 52 படகுகள் அப்போரில் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 3,500 மாலுமிகள் திரும்பி வரவில்லை. இத்தொகையைப் புத்தகத்திற் படிப்பது ஒன்று. அந்தப் படுக்கையிற் கிடந்து நினைப்பது வேறொன்று.

போரைப் புகழ்வதற்காகப் பிள்ளைகளை அங்கே படுக்க வைக்கின்றனரோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வாறு செய்பவரும் இருக்கக்கூடும். ஆயின் பாம்பனிட்டோவின் கதையை முழுதும் சொல்ல வேண்டுமானால் புகழ்ச்சி மட்டும் போதாது. அதன் புகழும் அதன் துயரமும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை.

1944 செப்டம்பர் 12

ஜப்பானியர் 1942-ஆம் ஆண்டில் மலாயாவையும் சிங்கப்பூரையும் பர்மாவையும் கைப்பற்றினர். பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல் வழியே பொருள் அனுப்ப முற்பட்டபோது, நேசநாட்டு நீர்மூழ்கிகளால் அவ்வழி இடர்ப்பாடுடையதாயிற்று. ஆகவே ஸயாம் நாட்டின் பான்போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவின் தான்பியூஸயாட் வரை, காடும் மலையும் ஊடுருவி, 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை அமைக்கத் துணிந்தனர். போர்க்கைதிகளாகப் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படைவீரர் அறுபதாயிரம் பேருக்கு மேல் அப்பணியில் வருத்தப்பட்டனர். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் பசியாலும் வாந்திபேதியாலும் அடியாலும் கைதிகளுள் பன்னீராயிரவருக்கு மேல் மாண்டனர். உலகம் அதனை மரண ரயில்பாதை என்று அழைக்கிறது.

உயிர் தப்பியவருட் பலரை ஜப்பான் நாட்டுச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை வாங்க எண்ணி, 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து கப்பலேற்றினர். 'ராகுயோ மாரு' என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,300 கைதிகள். 'கச்சிடோக்கி மாரு' என்னும் கப்பலில் 900 கைதிகள். கைதிகள் உள்ளே இருக்கின்றனர் என்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் அக்கப்பல்களில் இல்லை.

பாம்பனிட்டோவும், 'ஸீலயன்', 'குரௌளர்' என்னும் வேறு இரண்டு படகுகளும் தென்சீனக் கடலில் அக்கப்பல் வரிசைக்காகக் காத்திருந்தன. செப்டம்பர் 12-ஆம் நாள் விடியுமுன் ஸீலயன் விடுத்த டார்ப்பிடோக்கள் ராகுயோ மாருவைத் தாக்கின. அன்றிரவு பத்து மணிக்குமேல், தளபதி பால் ஸம்மர்ஸ் தலைமையிலிருந்த பாம்பனிட்டோ கச்சிடோக்கி மாருவை வீழ்த்தியது. இதில் விதியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. கச்சிடோக்கி மாரு முன்பு அமெரிக்கக் கப்பலாக இருந்தது. 'பிரஸிடென்ட் ஹாரிஸன்' என்னும் பெயருடன் ஓடிய அதனை 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கைப்பற்றியிருந்தனர். அமெரிக்கர் கப்பலை அமெரிக்கரே மூழ்கடித்தனர். உள்ளே இருந்தவர் அவர்களுடைய நேசநாட்டு வீரர். மூழ்கடித்தவர் ஒருவருக்கும் அது தெரியாது.

ஜப்பானியக் காவற் கப்பல்கள் முதலில் தம்மவரையே நீரிலிருந்து எடுத்துக்கொண்டன. கைதிகளுட் பின்னர்ச் சிலர் எடுக்கப்பட்டனர். பலர் கடலிலேயே விடப்பட்டனர். இரண்டு கப்பல்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உயிரிழந்தனர்.

எழுபத்து மூவர்

எஞ்சிய எதிரிக் கப்பல்களைத் துரத்திச் சென்ற பாம்பனிட்டோ செப்டம்பர் 15-ஆம் நாள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. பிற்பகலில் நீரின்மேல் உடைந்த பலகைகளும் தெப்பங்களும், அவற்றின்மேல் கரிய உருவங்களும் தென்பட்டன. உடல் முழுதும் கச்சா எண்ணெய் அப்பியிருந்தமையால் அவர் இன்னார் என்று அடையாளம் காண இயலவில்லை. பகைவராயிருக்கக் கூடுமென்று கருதி மாலுமிகள் துப்பாக்கியுடன் மேல்தளத்தில் நின்றனர். அருகே சென்றதும் தெப்பத்திலிருந்து ஆங்கிலக் குரல் எழுந்தது. துப்பாக்கிகள் தாழ்ந்தன.

அவர்கள் ராகுயோ மாருவிலிருந்து தப்பியவர்கள். மூன்று நாளுக்கு மேலாக உணவும் நீருமின்றி மிதந்தவர்கள். தெப்பத்திலிருந்து படகில் ஏறவும் வலுவில்லை. படகின் மாலுமிகளே கயிற்றை இடுப்பிற் கட்டிக்கொண்டு கடலிற் குதித்து நீந்திச் சென்று அவர்களைக் கொண்டு வந்தனர். எதிரி விமானம் எந்நேரமும் தலைக்குமேல் வரலாம்; வந்தால் நீரிலிருக்கும் தம் மாலுமிகளையும் விட்டுவிட்டுப் படகு மூழ்க நேரிடும். அதனை அறிந்தே அவர்கள் குதித்தனர். இருள் சூழும்வரை நடந்த அம்முயற்சியில் 73 பேர் காப்பாற்றப்பட்டனர்.

எண்பதின்மர் வாழவே இடம் போதாத படகில் மேலும் எழுபத்து மூவர்! எண்ணெயைத் துடைத்து, பின்புற டார்ப்பிடோ அறையிலும் பிற இடங்களிலும் கிடத்தினர். நனைத்த துணியால் முதலில் உதட்டை ஈரமாக்கி, பிறகு சிறிது சிறிதாகக் கஞ்சியும் சாறும் ஊட்டினர். படகில் மருத்துவர் இல்லை. மருந்துதவியாளர் ஒருவரே இருந்தார். மாரிஸ் டெமர்ஸ் என்பது அவர் பெயர். அவர் உறக்கமின்றி அனைவரையும் பேணினார். ஒருவர் மட்டும் வழியில் உயிர் துறந்தார். கடலில் அடக்கம் செய்யப்பட்டார். ஏனையோரைச் செப்டம்பர் 20-ஆம் நாள் ஸைப்பன் தீவிற் சேர்த்தனர்.

பாம்பனிட்டோ விடுத்த செய்தி கேட்டு வந்த ஸீலயன் 54 பேரையும், பின்னர் 'பார்ப்', 'குவீன்ஃபிஷ்' என்னும் படகுகள் 32 பேரையும் எடுத்தன. ஆக 159 பேர். அதன்பின் புயல் வீசியது. கடலில் வேறு எவரும் கிடைக்கவில்லை.

இந்த 159 பேர் காப்பாற்றப்பட்டதால் விளைந்த பயன் அவர்தம் உயிரோடு நின்றுவிடவில்லை. ஸயாமியக் காட்டில் என்ன நடந்தது என்பதைக் கண்ணாற் கண்டவர் வாயிலாக வெளியுலகம் விரிவாக அறிந்தது அப்பொழுதுதான். அவர்கள் கூறியவற்றைக் கொண்டு 1944-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் அரசும் ஆஸ்திரேலிய அரசும் தம் நாட்டு மக்களுக்கு அறிவித்தன. எந்தக் கைதி எங்கே இறந்தார், எவர் உயிருடன் இருக்கிறார் என்ற விவரங்களையும் அவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். ஆண்டுக்கணக்கிற் செய்தியின்றிக் கிடந்த இல்லங்களுக்கு, நல்லதோ கெட்டதோ, ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது.

சொல்ல ஒருவர் இல்லாதோர்

இங்கேதான் இவ்வரலாறு நம் வாயிலைத் தட்டுகிறது. அந்த ரயில்பாதையை அமைத்தவர் வெள்ளையர் மட்டும் அல்லர். பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவா நாட்டவரும் தமிழரும் அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக அங்கே உழைத்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர் என்பது மதிப்பீடு. அவருட் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து வந்த தமிழ் மக்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, அரிசி உண்டு என்று சொல்லி அழைத்தனர். வாராதவரை வலிந்து பிடித்தனர். தோட்டங்களிற் கங்காணி பெயரெடுத்துத் தந்தவர் சென்றனர். மனைவி மக்களுடன் சென்றவரும் உண்டு.

போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் உடனிருந்தனர், மருத்துவர்கள் உடனிருந்தனர். மருந்தில்லாவிடினும், நீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லவும், இறந்தவன் பெயரை எழுதி வைக்கவும் ஆளிருந்தது. நம்மவர் குடிசைகளில் இவ்விரண்டும் இல்லை. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்தபோது முகாம் முகாமாக மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தவர் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். மதிப்பிடுவர் என்றே சொல்ல முடிகிறது. ஏனெனில் அவர்களைப் பெயர் சொல்லி எண்ணியவர் இல்லை. காஞ்சனபுரியிலுள்ள போர் இடுகாட்டில் கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அவ்வாறு ஒரு வரிசை இல்லை. அந்நகரில் அவர்கள் நினைவாகத் தமிழன்பர்கள் ஒரு நடுகல் எடுத்தது 2023-ஆம் ஆண்டில்; பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்பு.

எழுபத்து மூவரை ஏற்றிவர ஒரு படகு இருந்தது. அவர்கள் வாயிலாக ஏனையோர் கதையும் கரையேறியது. தமிழ்த் தொழிலாளிக்காகத் தெப்பத்தருகே வந்து நின்ற படகு எது? போர் முடிந்தபின் உயிருடன் மீண்டவர்கள் தோட்டத்துக்குத் திரும்பி, மறுபடியும் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டனர். அவர்களைக் கேட்டு எழுதியவர் மிகச் சிலர்.

என் தந்தையாரின் சிறிய தந்தையார் ஒருவர் இளமையில் மலாயாவுக்குச் சென்றவர். பொங்கலுக்குப் பொங்கல் அவரிடமிருந்து கடிதம் வரும் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பானியர் வந்தபின் கடிதம் நின்றுவிட்டது. அவர் ரயில்பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே நோயுற்று இறந்தாரா, எங்கேனும் குடும்பத்துடன் வாழ்ந்து முடிந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. திதி கொடுக்க நாள் தெரியாமையால், ஆடி அமாவாசையன்று என் பாட்டி அவருக்கென்று ஓர் இலை தனியாகப் போடுவார். அந்த இலையை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லக்கூடியவர் இப்போது இல்லை.

நாம் செய்யத்தக்கது

பாம்பனிட்டோ போர் முடிந்ததும் 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. பிறகு சிலகாலம் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1982-ஆம் ஆண்டில் நினைவுச் சின்னமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடையே உடைத்து விற்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அதில் படுத்துறங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்புற டார்ப்பிடோ அறையைக் காட்டி, "இங்கேதான் அவர்களைக் கிடத்தினார்கள்" என்று சொல்ல இடம் இல்லாமற் போயிருக்கும். இடம் இருந்தால் கதை நிற்கும். கதையைச் சொல்ல ஓர் இரவு ஒதுக்கினால் அது பிள்ளையின் நெஞ்சில் நிற்கும். அமெரிக்கர் அந்த இரும்புப் படகைக் காத்ததனால் நாம் கற்கத்தக்க பாடம் இதுவே.

நம்மிடம் அத்தகைய படகு இல்லை. நம் குடியிருப்பிலோ பழைமையான கட்டடம் ஒன்றும் இல்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் இராமநாதபுரத்திலும் சேலத்திலும் இருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் பிறந்ததெல்லாம் இங்கேதான். ஊரிலாவது பாட்டன் கட்டிய திண்ணை கதை சொல்லும். இங்கே கதையைச் சொல்ல மனிதர்தாம் வேண்டும்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வரும் டிசம்பர் விடுமுறையில் ஓர் இரவு, நம் சங்கக் கூடத்திலேயே பிள்ளைகளைப் பாய் விரித்துத் தங்கச் செய்வோம். விளக்கைத் தணித்துவிட்டு, ஒவ்வொரு குடும்பத்து முதியவரும் தம் முன்னோருள் கடல் கடந்து சென்ற ஒருவரைப் பற்றி அறிந்தவற்றைச் சொல்லட்டும். மலாயா, பர்மா, இலங்கை, பீஜி, நேட்டால் என்று ஏதேனும் ஓர் ஊர்ப் பெயர் எந்தக் குடும்பத்திலும் இருக்கும். பெயர் தெரிந்தால் பெயர்; ஊர் தெரிந்தால் ஊர்; கடைசிக் கடிதம் வந்த ஆண்டு தெரிந்தால் ஆண்டு. ஒன்றும் தெரியாதெனில், தெரியாது என்பதையும் சொல்லட்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்களை அச்சிடலாம்.

குர்சுராவின் வாயிலில் என் கையைப் பற்றிக் கேட்ட சிறுவனுக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. அவனும் இப்போது இம்மலரை எழுத்துக்கூட்டிப் படிப்பான் என்று நம்புகிறேன். தம்பி, அந்தக் கட்டிலில் உன்னைப் படுக்க வைக்க என்னால் முடியாது. ஆனால் சங்கக் கூடத்தில் உனக்கு ஒரு பாய் உண்டு. முதற்கதையை நான் சொல்கிறேன். அந்தத் தனி இலையின் கதை அது.